போட்டியில்லா மாதங்கள்: வரிசை பற்றிய வாதமும் தொடர்ச்சி பற்றிய சான்றும்

ஒலிம்பியாவில் போட்டியிட வந்தவர்கள், பத்து மாதம் இடைவிடாமல் முறைப்படி பயிற்சி செய்திருப்பதாக ஜீயஸ் சிலையின் முன் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது என்று 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியஸ் எழுதிவைத்திருக்கிறார். ஐந்து நாள் விழாவுக்குப் பத்து மாதத் தயாரிப்பு. அந்தப் பத்து மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு அன்றிலிருந்து பல விடைகள் வந்துவிட்டன. உடலை ஆறவிடு என்றனர் சிலர். மெதுவாக, நெடுந்தூரம் ஓடு என்றனர் சிலர். ஆண்டைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு திறனை வளர் என்பது ஒரு கட்சி. எதையும் விடாமல் எல்லாவற்றையும் ஆண்டு முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய் என்பது எதிர்க்கட்சி. ஒவ்வொரு விடைக்கும் பின்னால் தங்கப் பதக்கம் பெற்றவர்கள் நிற்கிறார்கள். அதனால்தான் இந்த விவாதம் எளிதில் தீர்வதில்லை.

இந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எவ்வளவு தாங்கும் என்பதைப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். பார்த்தால் ஒரு முரண் தென்படுகிறது. கடந்த அறுபது ஆண்டுகளாகப் பயிற்சி அறிஞர்கள் அதிகம் வாதிட்டது வரிசையைப் பற்றி: எது முதலில், எது பிறகு என்று. ஆனால் சோதனைகளும் காயப் பதிவுகளும் வலுவாகப் பேசுவது வேறு இரண்டு விஷயங்களை. ஒன்று, உடலின் மேல் விழும் பயிற்சிச் சுமை ஆண்டில் எங்கும் முற்றாக அறுந்துபோகாமல் இருப்பது. மற்றொன்று, போட்டிக்காலத்தில் நேரம் கிடைக்காத வேலையை, முதன்மையாக வலிமையையும் தசைநாண்களின் தாங்குதிறனையும், போட்டியில்லாத மாதங்களில் சேர்த்துக்கொள்வது. வரிசை முக்கியமே இல்லை என்று சொல்ல வரவில்லை. அதற்குக் கொடுக்கப்பட்ட இடம் சான்றுகளின் அளவைவிடப் பெரிது என்பதே வாதம்.

அட்டவணையும் அன்றைய உடலும்

3ஆம் நூற்றாண்டில் பிலோஸ்ட்ராடஸ் உடற்பயிற்சிக் கலையைப் பற்றி எழுதிய நூலில், அக்காலப் பயிற்றுநர்கள் பின்பற்றிய நான்கு நாள் சுழற்சி ஒன்றைக் கண்டிக்கிறார். முதல் நாள் ஆயத்தம், இரண்டாம் நாள் கடும் பயிற்சி, மூன்றாம் நாள் தளர்வு, நான்காம் நாள் நடுத்தரம் என்று அது சுழலும். கெரெனோஸ் என்ற மல்லர் ஒலிம்பிக் வெற்றியைக் குடித்துக் கொண்டாடிவிட்டு உடல் சரியில்லாமல் வந்து நிற்கிறார். பயிற்றுநர் சுழற்சியை மாற்ற மறுக்க, பயிற்சியிலேயே அவர் இறந்துபோகிறார். முன்கூட்டி எழுதிய அட்டவணைக்கும் அன்று காலை வந்து நிற்கும் உடலுக்கும் இடையிலான இந்த மோதல், நவீன விளையாட்டு அறிவியலிலும் பெயர் மாறித் தொடர்கிறது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யாவில் கோதோவும், பின்னர் பின்லாந்தில் லவுரி பிஹ்கலாவும், ஆண்டைப் பொதுப் பயிற்சி, சிறப்புப் பயிற்சி என்று பிரிக்க முயன்றார்கள். ஜெர்மனியில் கெர்ஷ்லரும் இதயவியலாளர் ரைண்டலும் வேறு வழியில் போனார்கள். ஓடு, இதயத் துடிப்பு இறங்கும்வரை இளைப்பாறு, மீண்டும் ஓடு என்ற இடைவெளி ஓட்டம் அவர்களுடையது. 1939இல் ருடால்ஃப் ஹார்பிக் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தபோது அந்த முறைக்குப் பெயர் கிடைத்தது. 1952 ஹெல்சிங்கியில் மூன்று தங்கம் வென்ற எமில் சாடோபெக், அதே வகை ஓட்டத்தைக் குளிரிலும் பனியிலும் பெரும் அளவில் செய்தவர். இந்த இடைவெளி ஓட்ட முறைகளில் போட்டிக்காலத்துக்கும் மற்ற மாதங்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கவில்லை.

லிடியார்டின் அடித்தளம்

அந்த வேறுபாட்டை ஓட்டக்காரர்களின் மனத்தில் ஆழப் பதித்தவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட். பல்கலைக்கழகப் பட்டமோ ஆய்வுக்கூடமோ அவருக்கு இல்லை. தன் உடலிலேயே பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்து ஒரு முறையை வகுத்தார். போட்டிக்காலத்துக்கு வெகு முன்பே, வாரத்துக்குச் சுமார் 160 கிலோமீட்டர் சீரான ஓட்டம் பல வாரங்கள் நடக்கும். ஆக்லாந்தை ஒட்டிய வாயிடாருவா மலைப்பாதையில் 35 கிலோமீட்டர் சுற்று அதில் ஒரு பகுதி. அதன்பிறகு சில வாரங்கள் மேட்டு ஓட்டம், பிறகு தடத்தில் வேக ஓட்டம், கடைசியில் கூர்தீட்டல். 800 மீட்டர் ஓடுபவருக்கும் மராத்தான் ஓடுபவருக்கும் அடித்தளம் ஒன்றே என்றது அன்று பலருக்கும் விசித்திரமாகப் பட்டது. 1960 ரோமில் ஒரே நாளில், ஒரு மணி நேரத்துக்குள், பீட்டர் ஸ்நெல் 800 மீட்டரிலும் மர்ரே ஹால்பர்க் 5000 மீட்டரிலும் தங்கம் வென்றார்கள். 1961 டிசம்பரில் முழு மராத்தான் ஓடிய ஸ்நெல், அடுத்த மாதமே வாங்கநுயி நகரின் புல்தடத்தில் ஒரு மைலை 3 நிமிடம் 54.4 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். 1964 டோக்கியோவில் 800, 1500 இரண்டிலும் தங்கம் அவருக்கே.

இதைவிட வலுவான விளம்பரம் ஒரு பயிற்சி முறைக்குக் கிடைப்பது அரிது. ஆயினும் விளம்பரம் வேறு, சான்று வேறு. இருபது ஆண்டுகளுக்குள் இங்கிலாந்தில் பீட்டர் கோ என்ற பொறியாளர், தன் மகன் செபாஸ்டியனுக்கு ஏறத்தாழ எதிரான வழியை வகுத்தார். கிலோமீட்டர் குறைவு. பலவகை வேகங்கள் ஆண்டு முழுதும் பயிற்சியில் இருக்கும். குளிர்காலத்தில் எடைப் பயிற்சி கடுமையாக இருக்கும். செபாஸ்டியன் கோ 1980, 1984 இரண்டு ஒலிம்பிக்கிலும் 1500 மீட்டர் தங்கம் வென்றார். 1981இல் அவர் 800 மீட்டரில் எட்டிய 1 நிமிடம் 41.73 விநாடி பதினாறு ஆண்டுகள் முறியவில்லை. ஆக, வென்றவர்களை எண்ணி முறைகளை எடைபோட முடியாது. அதே முறையில் பயின்று காயப்பட்டு, சோர்ந்து, விலகிப் போனவர்களின் கணக்கு நம் கைக்கு வருவதேயில்லை. இரண்டு முறைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பொதுவாக நிற்பது ஒன்றுதான்: இருவருமே குளிர்காலத்தைச் சும்மா விடவில்லை, போட்டிக்காலத்தில் சேர்க்க முடியாத எதையோ அப்போது சேர்த்தார்கள். ஸ்நெல் சேர்த்தது நெடுந்தூரம், கோ சேர்த்தது வலிமை.

மத்வேயெவின் ஆண்டு

வரிசையை ஒரு கோட்பாடாக ஆக்கியவர் சோவியத் அறிஞர் லெவ் மத்வேயெவ். 1960களின் நடுவில் வெளிவந்த அவரது நூல் ஆண்டை ஆயத்தக் காலம், போட்டிக் காலம், மாறுதல் காலம் என்று மூன்றாகப் பிரித்தது. ஆயத்தக் காலத்தின் தொடக்கத்தில் பயிற்சியின் அளவு அதிகம், தீவிரம் குறைவு. போட்டி நெருங்க நெருங்க அளவு இறங்கும், தீவிரம் ஏறும். சோவியத் வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளைத் திரட்டி அவர் கண்ட ஒழுங்கு இது. இதை மேற்கு நாடுகளில் பரப்பியவர் ருமேனியாவிலிருந்து கனடா சென்ற டியூடர் போம்பா. இன்று உலகெங்கும் பயிற்சியாளர் பட்டயப் படிப்புகளில் கற்பிக்கப்படும் ஆண்டுத் திட்டத்தின் வடிவம் பெரும்பாலும் இந்த வழியில் வந்ததுதான்.

கோட்பாட்டுக்கு உயிரியல் ஆதாரமாகக் காட்டப்பட்டது ஹான்ஸ் செல்யே 1936இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு. நச்சுப்பொருள், கடுங்குளிர், காயம் எதற்கு ஆட்பட்டாலும் எலியின் உடல் முதலில் அதிர்ந்து, பிறகு தாக்குப்பிடித்து, கடைசியில் சோர்ந்துவிடுகிறது என்றார் அவர். சுமை கொடு, இளைப்பாற விடு, உடல் முன்பிருந்ததைவிட ஒரு படி மேலே நிற்கும் என்ற பயிற்சி விதி இதிலிருந்து பிறந்ததாகச் சொல்லப்படுகிறது. ஆனால் உயிருக்குப் போராடும் எலியிலிருந்து, பல மாதத் திட்டத்தின் எந்த வாரத்தில் எதைச் செய்வது என்ற முடிவுக்கு வர இடையில் பல படிகள் தேவை. அந்தப் படிகள் சோதிக்கப்படாமலேயே தாண்டப்பட்டன. கனடாவில் எரிக் பேனிஸ்டர் 1975இல் முன்வைத்த கணக்கு மாதிரி இன்னும் பயனுள்ளதாகத் தோன்றுகிறது. ஒவ்வொரு பயிற்சியும் தகுதியையும் களைப்பையும் சேர்த்தே உண்டாக்குகிறது; களைப்பு விரைவில் வடிகிறது, தகுதி மெல்லக் குறைகிறது. போட்டிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் பயிற்சியின் அளவைச் சுமார் பாதியாகக் குறைத்து, தீவிரத்தை மட்டும் விடாமல் வைத்திருப்பது நல்லது என்று 27 ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் போஸ்கே குழுவினர் கண்ட முடிவு இந்த மாதிரியோடு இசைந்து போகிறது.

மத்வேயெவுக்கு எதிர்ப்பு சோவியத் ஒன்றியத்துக்குள்ளேயே எழுந்தது. யூரி வெர்கோஷான்ஸ்கி, பல திறன்களை ஒரே காலத்தில் வளர்ப்பதால் எதுவும் போதிய அளவு வளர்வதில்லை என்று கூறி, சில வாரங்கள் ஒரே திறனில் சுமையைக் குவிக்கச் சொன்னார். விளாதிமிர் இசுரின் இதைத் தொகுதி முறையாக வளர்த்தெடுத்தார். 1972 மியூனிக்கில் சம்மட்டி எறிதல் தங்கம் வென்று பிறகு பயிற்சியாளரான அனதோலி போந்தார்சுக் மூன்றாவது பாதையில் நின்றார். ஒரே பயிற்சித் தொகுப்பைக் கொடுத்தாலும் ஒவ்வொருவரும் உச்சத்துக்கு வரும் காலம் வேறு என்பதைக் கண்டு, ஆளுக்கேற்ப அளந்து திட்டமிட்டார். அவரிடம் பயின்ற யூரி செதிக் 1986இல் ஸ்டுட்கார்ட்டில் எறிந்த 86.74 மீட்டரை இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

அக்காலக் கிழக்கு ஐரோப்பியப் பதிவுகளை அப்படியே எடுத்துக்கொள்வதில் ஒரு தயக்கம் தேவை. கிழக்கு ஜெர்மனி 1974 முதல் அரசுத் திட்டமாகவே ஊக்கமருந்து கொடுத்தது 1990க்குப் பிறகு ஆவணங்களோடு வெளிப்பட்டது. ஊக்கமருந்து எடுத்த உடல் வேகமாக மீள்கிறது, அதிக அளவைத் தாங்குகிறது. அந்தக் காலப் பயிற்சிக் குறிப்புகளில் எது முறையின் விளைவு, எது மருந்தின் விளைவு என்று இப்போது பிரிக்க வழியில்லை. குறிப்பிட்ட ஒருவரைக் குற்றம் சாட்டாமலேயே, அந்த அளவுகளைப் பள்ளி மாணவர்களின் திட்டத்தில் நகலெடுப்பது தவறு என்று சொல்லலாம்.

வரிசையைச் சோதித்தபோது

ஐரிஷ் ஆய்வாளர் ஜான் கீலி 2012இல் நேரடியாகக் கேட்டார்: இந்தத் திட்டங்கள் சான்றால் வந்தவையா, மரபால் வந்தவையா? ஆண்டுத் திட்டத்தை ஆதரிக்கும் எடைப்பயிற்சி ஆய்வுகள், மாற்றமே இல்லாத பயிற்சியோடு மாற்றமுள்ள பயிற்சியை ஒப்பிட்டு, மாற்றம் நல்லது என்று காட்டின. அந்த மாற்றம் இந்த வரிசையில்தான் இருக்க வேண்டும் என்று அவை காட்டவில்லை. மேலும் பெரும்பாலானவை சில வாரங்களோ சில மாதங்களோ மட்டும் நடந்தவை. ஓர் ஆண்டுத் திட்டத்தைச் சோதிக்க ஓர் ஆண்டாவது வேண்டும். உயர்மட்ட வீரரைக் குலுக்கல் முறையில் ஏதோ ஒரு குழுவில் போட்டு, ஓர் ஆண்டு அதிலேயே இரு என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

இருந்தும் சில சோதனைகள் வரிசையை நேரடியாகத் தொட்டிருக்கின்றன. நார்வேயில் ரோன்னெஸ்தாத் குழுவினர் 2012இல் சைக்கிள் வீரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழு நான்கு வாரங்களின் கடும் அமர்வுகளில் ஐந்தை முதல் வாரத்திலேயே முடித்து, பிறகு வாரத்துக்கு ஒன்று செய்தது. மற்றது வாரத்துக்கு இரண்டாகப் பரப்பிச் செய்தது. மொத்தம் ஒன்றே. குவித்துச் செய்தவர்களின் உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு 4.6 சதவீதம் கூடியது. மற்றவர்களிடம் மாற்றம் தெரியவில்லை. தொகுதி முறைக்காரர்களுக்கு இது நல்ல செய்திதான். ஆனால் மொத்தம் இருபதுக்கும் குறைவானவர்கள், நான்கே வாரம். 2016இல் சில்தா குழுவினர் 63 சைக்கிள் வீரர்களோடு 12 வாரம் செய்த சோதனை இன்னும் திருத்தமானது. ஒரு குழு தீவிரத்தைப் படிப்படியாக ஏற்றியது, ஒன்று இறக்கியது, ஒன்று கலந்து செய்தது. முடிவில் மூன்று குழுவினருமே முன்னேறினார்கள். குழுக்களுக்கிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இன்றைய நிலையில் எடை கூடிய சான்று இந்தப் பக்கம்தான் சாய்கிறது.

இதற்கு வரும் முக்கியமான மறுப்பு: உலகின் மிகச் சிறந்தவர்கள் நடைமுறையில் பழைய வடிவத்தைத்தானே பின்பற்றுகிறார்கள்? உண்மை. ஒலிம்பிக், உலகப் போட்டிகளில் தங்கம் வென்ற 11 நார்வே பனிச்சறுக்கு, பயத்லான் வீரர்களின் பயிற்சிக் குறிப்பேடுகளை 2014இல் தோன்னெசன் குழுவினர் ஆராய்ந்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 800 மணி நேரம் பயிற்சி. தாங்குதிறன் பயிற்சியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு மெதுவான தீவிரத்தில். கோடையில் சக்கரச் சறுக்குகளிலும் ஓட்டத்திலும் அளவு ஏறியிருந்தது, போட்டிக்காலத்தில் குறைந்தது. மத்வேயெவின் வரைபடம் போலவே இது தோன்றும். ஆனால் பனியும் பயணமும் போட்டியும் இல்லாத கோடையில்தான் மணிக்கணக்கில் பயிற்சி செய்ய நேரம் இருக்கிறது. வரைபடத்தின் வடிவம் உடலியல் விதியிலிருந்து வந்ததா, நாள்காட்டியின் நெருக்கடியிலிருந்து வந்ததா என்பதை இந்தப் பதிவு சொல்ல முடியாது. அந்தக் குறிப்பேடுகளில் ஐயமின்றித் தெரிவது, ஆண்டில் எந்த நீண்ட காலமும் பயிற்சியின்றிக் கழியவில்லை என்பது.

நின்றால் போவது எவ்வளவு?

தொடர்ச்சி பற்றிய சான்று இதைவிடத் தெளிவானது. 1984இல் எட்வர்ட் காய்ல் குழுவினர், பல ஆண்டுகள் பயின்ற தாங்குதிறன் வீரர்களைப் பயிற்சியை முற்றாக நிறுத்தச் சொல்லி அளந்தார்கள். முதல் மூன்று வாரத்தில் உச்ச ஆக்சிஜன் அளவு 7 சதவீதம் இறங்கியது. எட்டு வாரத்துக்குப் பிறகு 16 சதவீத இழப்பில் நிலைத்து நின்றது. வலிமை இவ்வளவு வேகமாகக் கரைவதில்லை. தசை இழந்ததை மறுபடி பயிலும்போது முன்பைவிட விரைவாகப் பெறுகிறது என்பதற்கும் சான்றுகள் சேர்ந்துள்ளன. அதனால் ஒரு மாத முழு ஓய்வு பேரழிவல்ல. ஆனால் இழந்ததை மீட்கவே அடுத்த பருவத்தின் ஆயத்தத்தில் பாதி போய்விடும் என்ற பயிற்சியாளர்களின் கவலை ஆதாரமற்றதும் அல்ல.

இதில் நடைமுறைக்கு மிகவும் உதவும் கண்டுபிடிப்பு ராபர்ட் ஹிக்சனுடையது. 1980களில் அவர் வெளியிட்ட சோதனைகளில், வாரத்துக்கு ஆறு நாள் பயின்றவர்கள் அதை இரண்டு நாளாகக் குறைத்த பிறகும் பெற்ற ஆக்சிஜன் திறனை 15 வாரம் காத்துக்கொண்டார்கள், தீவிரம் குறையாதவரை. தீவிரத்தைக் குறைத்தபோது திறன் இறங்கியது. வலிமைக்கும் இதே போன்ற விடை கிடைத்திருக்கிறது. நார்வேத் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் பருவத்துக்கு முன் வாரம் இரு அமர்வு எடைப்பயிற்சியால் கூட்டிய வலிமையை, போட்டிக்காலத்தில் வாரம் ஒரே அமர்வால் காத்தார்கள். இரு வாரத்துக்கு ஒன்று செய்தவர்கள் இழந்தார்கள். திறனை வளர்ப்பதற்கு ஆகும் உழைப்பு அதிகம், காப்பதற்கு ஆகும் உழைப்பு குறைவு. போட்டியில்லாக் காலத்தின் பயன் முழுதும் இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. நேரமுள்ளபோது வளர்த்துக்கொண்டால், நேரமற்ற மாதங்களில் சிறு செலவில் காத்துக்கொள்ளலாம். அதேபோல் ஓய்வு மாதத்திலும் வாரம் இரு முறை, குறுகிய நேரம், நல்ல தீவிரத்தில் பயின்றால் பெரும்பகுதி கையில் நிற்கும்.

திரும்பும் வாரங்கள்

பயிற்சி அறுந்தால் இழப்பு தகுதியோடு நிற்பதில்லை. 2011இல் அமெரிக்கத் தேசியக் கால்பந்து லீகில் ஒப்பந்தத் தகராறு காரணமாக மார்ச் முதல் ஜூலை வரை வீரர்கள் அணிகளின் பயிற்சிக் கூடங்களுக்குள் அனுமதிக்கப்படவில்லை. தகராறு தீர்ந்து முகாம் தொடங்கிய முதல் 12 நாளில் 10 பேருக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. அடுத்த 17 நாளில் இன்னும் இருவருக்கு. அதே லீகில் 1997 முதல் 2002 வரையிலான காலத்துக்கு வேறோர் ஆய்வு கணக்கிட்ட மொத்தம் 31. வீரர்கள் அந்த மாதங்களில் சோம்பியிருக்கவில்லை. பலர் சொந்தமாகப் பயின்றார்கள். ஆனால் ஓட்டப் பாய்ச்சலும் திடீர்த் திரும்பலும் தசைநாண் மீது போடும் சுமை அந்தத் தனிப் பயிற்சியில் போதுமான அளவு இல்லாமல் போயிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். தசை சில வாரங்களில் தேறும்; தசைநாணும் எலும்பும் மாதக்கணக்கில்தான் தம்மைச் சீரமைக்கின்றன. மூச்சும் தசையும் தயார் என்று சொல்லும்போது தசைநாண் தயாராகாமல் இருக்கும் அந்த இடைவெளியே ஆபத்து.

அதே ஆண்டு ஜனவரியில் அயோவா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியில், விடுமுறை முடிந்து திரும்பியவர்களுக்கு ஒரே அமர்வில் எடையோடு 100 ஸ்குவாட் கொடுக்கப்பட்டது. கடும் உழைப்பால் தசை நார்கள் சிதைந்த நிலையில் 13 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். போட்டியில்லாக் காலத்தை மனஉறுதியைச் சோதிக்கும் காலமாகப் பார்க்கும் பழக்கத்தின் விலை இது. இத்தகைய நிகழ்வுகளுக்குப் பின் அமெரிக்க உடற்தகுதிப் பயிற்சியாளர் அமைப்புகள் 2019இல் வெளியிட்ட கூட்டு வழிகாட்டி, ஓய்விலிருந்து திரும்புபவருக்கு முதல் வாரம் உச்ச அளவில் பாதியைக் குறை, இரண்டாம் வாரம் 30 சதவீதம் குறை என்று எளிய விதியாக வகுத்தது.

ஆயத்தப் பயிற்சியில் அதிகம் பங்கேற்றவர்கள் பருவத்தில் குறைவாகக் காயப்படுகிறார்கள் என்று ஆஸ்திரேலிய ரக்பி லீக் வீரர்களைப் பற்றிய 2017 ஆய்வு கூறியது. கூடுதலாகப் பத்து அமர்வு முடித்தவர்களிடம் காய வாய்ப்பு 17 சதவீதம் குறைவு. மறுப்பு உடனே எழும்: ஏற்கெனவே உடல் நன்றாக உள்ளவர்தானே எல்லா அமர்வுக்கும் வர முடியும்? நியாயமான மறுப்பு. கவனிப்பு ஆய்வால் இதைத் தீர்க்க முடியாது. ஆனால் டென்மார்க்கில் 50 கால்பந்து அணிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை இதற்கு ஓரளவு பதில் தருகிறது. குளிர்கால இடைவேளையில் பத்து வாரம், தொடையின் பின்தசையை நீட்டியபடியே வலுவூட்டும் ஒரே ஒரு பயிற்சியை ஒரு பாதி அணிகள் செய்தன. ஓராண்டில் அவ்வணிகளில் பின்தசைக் காயம் 15. செய்யாத அணிகளில் 52. இடைவேளையில் கொடுத்த திட்டமான சுமை பருவத்தில் காயத்தைக் குறைக்கும் என்பதற்கு, இத்துறையில் கிடைக்கும் சான்றுகளில் இது மிக வலுவான ஒன்று.

இதே வேகத்தில் எல்லா எண்களையும் நம்பிவிடக் கூடாது. இந்த வாரச் சுமையைக் கடந்த நான்கு வாரச் சராசரியால் வகுத்து, விடை 0.8க்கும் 1.3க்கும் இடையில் இருந்தால் பாதுகாப்பு என்று டிம் கேபெட் முன்வைத்த அளவுகோல் 2016க்குப் பின் அணிகள்தோறும் பரவியது. தொகுதியிலும் பகுதியிலும் ஒரே வாரச் சுமை இடம்பெறுவதால், கணக்கே பொய்யான தொடர்பை உண்டாக்கலாம் என்று பின்னர் புள்ளியியல் விமர்சனங்கள் எழுந்தன. திடீர் ஏற்றம் ஆபத்து என்ற பொதுக்கருத்து நிற்கிறது. அதை ஒற்றை எண்ணில் அடக்கும் முயற்சி தளர்ந்துவிட்டது.

எதிலிருந்து ஓய்வு?

தொடர்ச்சியை வலியுறுத்தும் வாதத்துக்கு மிகக் கடுமையான எதிர்ப்பு இளம் வீரர்களின் காயப் பதிவிலிருந்து வருகிறது. அமெரிக்காவில் இளம் பேஸ்பால் பந்து வீச்சாளர்களைப் பற்றிய 2006 ஆய்வில், ஆண்டுக்கு எட்டு மாதத்துக்கு மேல் போட்டியில் வீசியவர்களிடம் முழங்கை, தோள் அறுவை சிகிச்சை வாய்ப்பு ஐந்து மடங்கு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், சிறுவர்கள் தம் முதன்மை விளையாட்டிலிருந்து ஆண்டில் மொத்தம் மூன்று மாதம், ஒவ்வொரு மாதமாகவாவது, விலகியிருக்கச் சொல்கிறது. கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர்களில் இன்னொரு நுட்பம் தெரிகிறது. ஒரு போட்டியில் 50 ஓவருக்கு மேல் வீசியவர்களுக்குக் காய அபாயம் உடனே மட்டுமல்ல, மூன்று நான்கு வாரம் கழித்தும் உயர்ந்து நிற்கிறது என்று ஆஸ்திரேலியாவின் ஜான் ஆர்ச்சர்ட் 2009இல் காட்டினார். சுமையின் கடன் தாமதமாக வசூலாகிறது.

இந்த இரண்டு வகைச் சான்றுகளும் மோதுவதாகத் தோன்றுவது, ஓய்வு என்பதை ஒரே பொருளாக எடுத்துக்கொள்வதால்தான். பேஸ்பால் ஆய்வு எச்சரிப்பது ஒரே அசைவு ஒரே மூட்டில் ஆயிரக்கணக்கில் திரும்ப விழுவதை. காய்லின் சோதனையும் குதிகால் தசைநாண் அறுந்த கணக்கும் எச்சரிப்பது உடலின் மேல் போதிய சுமை இல்லாமல் போவதை. வீசுவதை நிறுத்தலாம், ஓடுவதை, தாவுவதை, எடை தூக்குவதை, வேறொரு விளையாட்டு ஆடுவதை நிறுத்த வேண்டியதில்லை. இப்படிப் பிரித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று நிறைவுசெய்கின்றன. மனச்சோர்வுக்கும் இது பொருந்தும்: பலரை வாட்டுவது உடலுழைப்பு அல்ல, அதே களம், அதே எதிர்பார்ப்பு.

பருவமே கரையும்போது

மேற்சொன்ன எல்லாக் கோட்பாடுகளும் போட்டியில்லாக் காலம் என்று ஒன்று இருப்பதாகக் கொண்டு எழுதப்பட்டவை. 2008இல் ஐபிஎல் தொடங்கிய பிறகு ஏப்ரல், மே மாதங்கள் அதற்குப் போய்விட, மூன்று வடிவங்களிலும் ஆடும் ஓர் இந்தியக் கிரிக்கெட் வீரருக்குத் தொடர்ந்து எட்டு வாரம் காலியாகக் கிடைப்பது அரிதாகிவிட்டது. தடகளத்திலும் அழைப்புப் போட்டிகள் பெருகியுள்ளன. இந்நிலையில் சிலர் பருவத்துக்குள்ளேயே சிறு ஆயத்தத் தொகுதிகளைச் செருகுகிறார்கள்; சிலர் போட்டிகளைத் தவிர்த்து இடைவெளியைத் தாமே உண்டாக்குகிறார்கள். ஹிக்சனின் கண்டுபிடிப்பு இங்கே துணை நிற்கிறது. ஆனால் வளர்த்ததைத்தான் காக்க முடியும், வளர்க்கவே நேரம் கிடைக்காத இளைஞருக்கு அது விடையாகாது.

ஈட்டி எறிதல் வீரர் நீரஜ் சோப்ராவின் 2021–22 இதில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. டோக்கியோத் தங்கத்துக்குப் பின் பாராட்டு விழாக்களும் உடல்நலக் குறைவும் சேர்ந்து நீண்ட இடைவெளி ஏற்பட்டது. டிசம்பரில் அமெரிக்காவின் சூலா விஸ்டாவில் பயிற்சியைத் தொடங்கினார். 2022 ஜூனில் துர்க்குவில் 89.30, ஸ்டாக்ஹோமில் 89.94 மீட்டர் என்று இரு முறை தேசிய சாதனையைத் திருத்தினார். நீண்ட ஓய்வு நன்மையே என்று இதை வாசிப்பவர்கள் உண்டு. அடுத்த மாதமே யூஜீன் உலகப் போட்டியில் வெள்ளி வென்றபோது இடுப்பருகே தசைக் காயம் ஏற்பட்டு, பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியைத் தவறவிட்டார். அதைக் கொண்டு எதிர்வாதம் செய்பவர்களும் உண்டு. ஒரே ஆளின் ஓராண்டு இரண்டு கட்சிக்கும் சாட்சி சொல்லும். எனவே எந்தக் கட்சிக்கும் அதை ஆதாரமாகக் கொள்ள இயலாது.

இன்னும் திறந்திருப்பவை

முதலாவது, யாரை வைத்துச் சோதித்தோம் என்பது. 2014 முதல் 2020 வரை வெளிவந்த 5,261 விளையாட்டு அறிவியல் ஆய்வுகளை எண்ணிப் பார்த்ததில், பெண்களை மட்டும் வைத்துச் செய்தவை 6 சதவீதம். போட்டியில்லாக் காலத்தில் எடை குறைக்கச் சொல்லி உணவைக் கட்டுப்படுத்தினால் பெண்களின் மாதவிடாயும் எலும்பும் பாதிக்கப்படும் என்ற எச்சரிக்கையைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் விரிவாக வெளியிட்டது. ஆண்களிடம் பெற்ற ஆயத்தத் திட்டங்கள் பெண்களுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதில் உறுதியான விடை இன்னும் வரவில்லை. இரண்டாவது, போந்தார்சுக் கண்ட ஆளுக்கு ஆள் வேறுபாடு. குழுச் சராசரியில் வரிசைக்கு இடமில்லை என்று தோன்றினாலும், ஒரு தனி வீரருக்குக் குறிப்பிட்ட வரிசை மெய்யாகவே பொருந்தலாம். சராசரியைக் கொண்டு அதை மறுக்க முடியாது. நீண்ட காலத் தனிப் பதிவுகளே அதைக் காட்டக்கூடும்.

மூன்றாவது நாள்காட்டியும் தட்பவெப்பமும். இந்த ஆய்வுகள் பெரும்பாலும் குளிர் நாடுகளிலிருந்து வந்தவை. தமிழ்நாட்டின் பள்ளி வீரர்களுக்கு இடைவேளையை வகுப்பது பனியல்ல, பொதுத்தேர்வும் கோடை வெயிலும். மார்ச், ஏப்ரலில் தேர்வு, மே மாதம் கத்திரி, ஜூனில் பள்ளி திறப்பு. சில வாரங்களில் குறுவட்டப் போட்டிகள் தொடங்கிவிடும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் மூன்று மாதம் எதுவும் செய்யாமலிருந்து, நேராக நீளம் தாண்டலிலும் 100 மீட்டரிலும் இறங்குவது இங்கே அரிய காட்சியல்ல. மேலே கண்ட சான்றுகளின்படி அதிகம் அஞ்ச வேண்டிய வடிவம் இதுவே. வெப்பத்துக்குப் பழகவே உடலுக்குப் பத்து முதல் பதினான்கு நாள் பிடிக்கும். தேர்வு மாதங்களில் வாரம் இரு காலை, அரைமணி நேரம், சில விரைவோட்டங்களும் குந்தி எழும் பயிற்சிகளும் போதுமா, அதைச் செய்தவர்கள் ஜூலையில் குறைவாகக் காயப்படுகிறார்களா என்பது சோதிக்கக்கூடிய கேள்வி. அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு மாவட்டத்தின் உடற்கல்வி ஆசிரியர்கள் பயிற்சி வருகையையும் காயத்தையும் ஒரே பதிவேட்டில் மூன்று ஆண்டு விடாமல் எழுதிவந்தால் முதல் விடை கிடைக்கத் தொடங்கும்.